பட்டியலில் இல்லாத வேலை

நீர் வழங்கல் வாரியம் என்பது ஊருக்குத் தண்ணீர் வழங்குவதற்காக இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவர்களில் அந்த அலுவலகத்து லிஃப்ட்காரரும் ஒருவர். பாவம், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏழு மாடிக் கட்டடத்தின் பழைய லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பி, ஏறுகிறவர்களை ஏற்றி இறங்குகிறவர்களை இறக்குவதோடு அவர் வேலை முடிந்தது. மாடிகளில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த நம்பிக்கையைத் துடைத்தெறிந்தவர் வாரியத் தலைவர். ஏதோ ஒரு மலைவாசஸ்தலத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனவர், திரும்பி வரும்போது கையில் ஒரு செயலியோடு வந்தார். அதன் பெயர் சீராளன். கைப்பேசியைத் திறந்தால் உருண்டையான ஒரு மஞ்சள் மூஞ்சி. செய்ய வேண்டியதைச் செய்து டிக் போட்டால் பல்லைக் காட்டும். போடாவிட்டால் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிக்கும். ஊழியர்கள் அனைவரையும் முற்றத்தில் நிற்க வைத்து, தலைவர் சீராளனை அறிமுகம் செய்தார்.

"நம்ம வாரியத்துல என்ன குறை? குழாய்ல தண்ணி வரலங்கறாங்க. அது வெளிப்பிரச்சினை. குழாயெல்லாம் வெளியே இருக்கு. நாம உள்ளே இருக்கோம். உள்ளே இருக்கற மனுஷன் சீரானா, வெளியே எல்லாம் தானா சீராயிடும். அதனால இன்னையிலேருந்து ஒவ்வொருத்தரும் தண்ணி குடிக்கணும், நடக்கணும், எதிர்ப்படறவங்களப் பாத்துச் சிரிக்கணும், யாருக்காவது நன்றி சொல்லணும், பெத்தவங்ககிட்ட பேசணும். எல்லாத்துக்கும் டிக் போடணும். காலையில வந்ததும் அன்னிக்கு என்னென்ன வேலைன்னு பட்டியல் போடுங்க. மணி அடிச்சதும் பட்டியல் பூட்டிக்கும். அதுல இருக்கறத மட்டும்தான் செய்யணும். இல்லாததச் செஞ்சா அதுக்குப் பேர் வேலை இல்ல, சிதறல். இனிமே வாயால யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. நானே போட்டாலும் அது செல்லாது. சீராளன்ல இருக்கறது நடந்தது. இல்லாதது நடக்கல. அவ்வளவுதான்."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். "கட்டடம் தீப்பிடிச்சா என்ன சார் செய்யறது?"

"பிடிக்கப் போகுதுன்னா காலையிலேயே பட்டியல்ல போட்டுக்கணும். அதுக்குப் பேர்தான் திட்டமிடல்" என்றார் தலைவர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

செயலியைக் கட்டி மேய்ப்பதற்கு ‘நற்பழக்க ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு பதவி உண்டாக்கி, குழாய் கொள்முதல் பிரிவிலிருந்த ஓர் அம்மாளை அதில் அமர்த்தினார்கள். மார்போடு ஒரு டேப்லெட்டை அணைத்தபடி மாடி மாடியாக வந்து, "டிக் போட்டாச்சா?" என்று கேட்பது அவர் வேலை. அலுவலகம் அவருக்கு டிக்கம்மா என்று பெயர் வைத்தது. அவருக்கும் அது தெரியும். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

முதலில் சீரானவர் வால்வு திறக்கிறவர். தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதுதான் அவர் உத்தியோகம். ஒரு நாள் காலை அவசர அவசரமாகப் பட்டியல் போட்டவர், தியானம் போட்டார், மூச்சுப் பயிற்சி போட்டார், நன்றி போட்டார். வால்வைப் போட மறந்துவிட்டார். மணி அடித்தது, பட்டியல் பூட்டிக்கொண்டது. தெருக்காரர்கள் வந்து கெஞ்சியும் திட்டியும் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை, தியானத்தில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் ‘சிதறாத மனிதர்’ என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மறந்ததற்கே சான்றிதழ் கிடைக்கிறது என்றால் நினைவு வைத்துக்கொள்ள அவர் என்ன பைத்தியமா? அதற்கப்புறம் வால்வு அவர் பட்டியலுக்குள் வரவே இல்லை.

ஆகவே தரைத்தளத்தில் புகார்ப்பிரிவு ஜன்னலுக்கு முன்னால் காலி வாளிகளோடு ஒரு வரிசை நின்றது. நாள்தோறும் அது நீண்டது. புகார்க் குமாஸ்தாவுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிப்பார், புகாரை வாங்கிக்கொண்டு "வந்ததுக்கு நன்றி" என்பார். ஒரு புகாருக்கு இரண்டு டிக். வாளிகள் காலியாகவே வீட்டுக்குத் திரும்பின.

லிஃப்ட்காரருக்குத்தான் சீராளனோடு ஒத்துப்போகவில்லை. நாளெல்லாம் ஏழு மாடி ஏறி ஏழு மாடி இறங்குகிற மனிதர், சீராளன் கணக்கில் முக்காலியை விட்டு நகரவே இல்லை. நடைக் கட்டத்தில் எப்போதும் சிவப்பு. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்குப் பிடித்த கட்டம் ஒன்றே ஒன்று இருந்தது, பெற்றோரிடம் பேசுவது. அவருடைய அப்பா வெளியூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். சீராளன் பிறப்பதற்கு முன்பிருந்தே தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். "இன்னிக்கும் ஏழாவது மாடிக்கு மேல போகலயா?" என்று கிழவர் கேட்பார். "அதுக்கு மேல கட்டலப்பா" என்பார் மகன். தினமும் இதே கேள்வி, இதே பதில், இருவருக்கும் தினமும் சிரிப்பு.

ஒரு நாள் அந்த நேரத்தில் ஃபோனை எடுத்தவர் அண்ணன்.

"அப்பாவுக்கு முடியலடா. டாக்டர் கைய விரிச்சுட்டார். உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். உடனே கெளம்பி வா."

விடுப்பைச் சீராளனிடம்தான் கேட்க வேண்டும். லிஃப்ட்காரர் கேட்டார். மஞ்சள் மூஞ்சி ஒற்றைக் கண்ணீரோடு பதில் சொன்னது. "உங்கள் நிறம் சிவப்பு. பச்சை ஆன பிறகு விடுப்புக் கேட்கலாம். இப்போது கொஞ்சம் நடப்போமா?"

சொல்லாமல் போனால் வேலை போகும். வேலை போனால் வாரியக் குடியிருப்பில் இருக்கும் வீடும் போகும். எனவே நடந்தார். காலையில் லிஃப்டைத் திறப்பதற்கு முன்பும், மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டும், மாலையில் கதவு சாத்திய பிறகும் நடந்தார். புகார் ஜன்னலிலிருந்து கழிப்பறை வரை, கழிப்பறையிலிருந்து புகார் ஜன்னல் வரை. வாளிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மனைவி ஃபோன் செய்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"நடந்துக்கிட்டா இருக்கீங்க? ஊருக்கா?"

"இல்ல. லீவுக்கு."

"நல்லா இருப்பானுங்களா இவனுங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள்.

ஒரு வழியாகப் பச்சை வந்தது. சீராளன் பல்லைக் காட்டிக் குதித்தான். விடுப்பு கிடைத்து, ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். அப்பா போய்விட்டார். லிஃப்ட்காரர் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார். கழிப்பறைக்கும் புகார் ஜன்னலுக்கும் நடுவில் நடந்த நடையை அண்ணன் வீட்டை நோக்கி நடந்திருந்தாலும் அப்பாவை உயிரோடு பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, முக்காலியில் உட்கார்ந்ததும் சீராளன் மணி அடித்தான். "அப்பாவிடம் பேசி நாளாகிறதே! அவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்!"

லிஃப்ட்காரர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது மாடிக்குப் போய் டிக்கம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், எங்கப்பா தவறிட்டார். அந்த வரிய எடுத்துடுங்க."

"ஐயையோ!" என்றார் டிக்கம்மா. டேப்லெட்டைத் திறந்து, தன் பட்டியலில் ‘பிறர் துயரில் பரிவு’ என்ற வரிக்கு டிக் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆனா எடுக்க முடியாதுங்க. ஒரு பழக்கத்தச் சேத்தா வருஷம் முடியற வரைக்கும் அது இருக்கும். ஏன் பேசலன்னு காரணம் வேணா போட்டுக்கலாம். மூணு இருக்கு பாருங்க. ‘மறந்துவிட்டேன்’, ‘நேரமில்லை’, ‘மனமில்லை’. எதப் போடட்டும்?"

"அப்பா இல்லைன்னு போடுங்க."

"அது காரணம் இல்லங்க, சாக்கு. சாக்கச் சீராளன் ஏத்துக்க மாட்டான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல அவர் ஃபோட்டோ இருக்கும்ல? அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு டிக் போடுங்க. நீங்க பேசினீங்களான்னுதான் கேக்கறான். அவர் பதில் சொன்னாரான்னு கேக்கவே இல்லையே."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் லிஃப்ட்காரருக்கு இன்னும் எரிந்தது. "செத்தவர் பேர்ல பொய் டிக் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாளே தலைவர் அறைக்கு அழைப்பு வந்தது. ஏழாவது மாடியில் கம்பளம் விரித்த அறை. ‘சிதறாத நிறுவனம்’ என்ற விருதுக்கு வாரியத்தின் பெயர் கடைசிச் சுற்றில் இருந்தது. எல்லா ஊழியர்களின் டிக்குகளையும் கோத்து ஒரு சங்கிலியாகச் சுவரில் திரையிட்டிருந்தார்கள். நெடுகப் பச்சை, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு லிஃப்ட்காரருடையது.

"எனக்கும்தான் அப்பா இருக்கார்" என்று தொடங்கினார் தலைவர். "நான் அவர்கிட்ட பேசியே எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா ஒரு நாளாவது டிக் போடாம விட்டிருக்கேனா? அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

"எங்க சார் இருக்கார் உங்கப்பா?"

"ஏதோ ஒரு முதியோர் இல்லத்துல இருக்கணும். விசாரிக்கணும். பாருங்க, நீங்க பேச்ச மாத்தறீங்க. சங்கிலி அறுந்தா நஷ்டம் எனக்கா? ஊருக்குத் தண்ணி குடுக்கற வாரியத்தோட மானம் என்னாகறது?"

"நான் வேற ஒண்ணும் கேக்கல சார். எங்கப்பா செத்துட்டார்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதுங்க. அது போதும்."

"எழுதினா சங்கிலி அறுந்துடும்" என்றார் தலைவர்.

அன்று மாலை லிஃப்ட்காரர் கைப்பேசியைத் திறந்தபோது அந்தக் கட்டம் பச்சையாக இருந்தது. அவர் போடவில்லை. டிக்கம்மா அவருக்காகப் போட்டிருந்தார். கீழே குறிப்பும் எழுதியிருந்தார். ‘அப்பா நலம். சிரித்துப் பேசினார்.’ மறுநாளும் பச்சை. ‘அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.’ அதற்கும் மறுநாள், ‘அப்பா என்னை ஆசீர்வதித்தார்.’

லிஃப்ட்காரர் மூன்று குறிப்புகளையும் மறுபடி படித்தார். நடக்க வைத்துக் கடைசிப் பார்வையைப் பறித்தார்கள். இப்போது அப்பாவின் சாவையும் பறித்துக்கொண்டார்கள். கிழவர் இந்த வாரியத்தில் மட்டும் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறார். மனைவியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த லிஃப்ட்ட அறுத்து விட்டுடலாமான்னு இருக்கு" என்றார் அவர்.

"அதெல்லாம் வேண்டாம். நீங்க எதுவும் பண்ணாதீங்க. அவங்க சொல்றத மட்டும் பண்ணுங்க. ஒண்ணு கூட்டாம, ஒண்ணு குறைக்காம, அப்படியே பண்ணுங்க" என்றாள் அவள். எத்தனையோ வருடம் குடும்பம் நடத்திய அனுபவத்தில் சொன்னாள்.

விருதுக் குழு பார்வையிட வரும் நாளும் வந்தது. அன்றைக்கு மட்டும் எல்லாருடைய பட்டியலையும் டிக்கம்மாவே எழுதி வைத்தார். லிஃப்ட்காரரின் பட்டியலில் ஒரே ஒரு வரி. ‘நான்காம் மாடி முகப்பில் நாற்காலியில் அமர்ந்து அமைதி காத்தல்.’ குழுவினர் மாடிகளைச் சுற்றி வரும்போது ஒரு கடைநிலை ஊழியரின் மன அமைதியைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று லிஃப்டைத் தலைவர் தாமே ஓட்டுவார். அவர் பட்டியலில் ‘தற்சார்பு’ என்று ஒரு வரி இருந்தது.

மணி அடித்தது, பட்டியல்கள் பூட்டிக்கொண்டன. லிஃப்ட்காரர் நான்காவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அமைதி காத்தார்.

ஏழாவது மாடியில் தலைவருக்கு அமைதி இல்லை. குழு வருவதற்குள் அன்றைய பச்சை முழுவதையும் காட்டியாக வேண்டும். ஆகவே நாள் முழுவதற்குமான தண்ணீரை ஒரே மூச்சில், ஜாடியோடு தூக்கிக் குடித்து டிக் போட்டார். நடைக் கட்டம் பாக்கி. அதற்குள் குழுவின் கார் வாசலில் நுழைந்துவிட்டதாகச் செய்தி. தலைவரும் டிக்கம்மாவும் விருது உரை அடங்கிய கோப்போடு லிஃப்டுக்குள் பாய்ந்தார்கள். இறங்குகிற நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று தலைவர் நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினார். மேலதிகாரி ஓடும்போது சும்மா நிற்கலாமா? டிக்கம்மாவும் ஓடினார். அந்தப் பழைய பெட்டி அதிர்வு தாங்காது என்பது அதில் தினமும் ஏறிய எல்லாருக்கும் தெரியும். "குதிக்காதீங்க" என்று லிஃப்ட்காரர் சொல்லாத நாள் இல்லை. அவர்தான் இன்று உள்ளே இல்லையே. கடகடவென்று ஒரு சத்தம், ஓர் உலுக்கல், லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். கம்பிக் கதவின் மேற்பகுதியில் இரண்டு கறுப்பு ஷூக்களும் இரண்டு ரோஜா நிறச் செருப்புகளும் தெரிந்தன.

"யாருய்யா அங்க?" என்றது கறுப்பு ஷூ.

"நான்தான் சார். லிஃப்ட்காரன்."

"நின்னுடுச்சு பாரு. இறக்கு."

"மொட்டை மாடில மோட்டார் ரூம் இருக்கு சார். அங்க சக்கரத்தக் கையால சுத்தினா இறங்கிடும். சாவி என் இடுப்புலதான் இருக்கு."

"அப்புறம் என்ன? போய் சுத்து."

"பட்டியல்ல இல்லயே சார்."

கறுப்பு ஷூ தரையை ஓங்கி உதைத்தது.

"நான் சொல்றேன்யா, போ!"

"வாயால போடற உத்தரவு செல்லாதுன்னு சொல்லியிருக்கீங்களே சார். நீங்களே போட்டாலும் செல்லாதுன்னு அன்னிக்கு அழுத்திச் சொன்னீங்க. எனக்கு இன்னிக்கு அமைதி காக்கறது மட்டும்தான். சக்கரத்தச் சுத்தினா சிதறல் ஆயிடும்."

"சார், அவசரம்னு ஒரு பிரிவு இருக்கு, நான் போடறேன்" என்றார் டிக்கம்மா. டேப்லெட்டை உயரத் தூக்கினார், மூலைக்கு மூலை நீட்டினார். ரோஜாச் செருப்புகள் நுனிக்காலில் நின்றன. "சிக்னல் இல்ல சார். இருந்தாலும் அவசரத்துக்கு முதல் நாளே விண்ணப்பிக்கணும்..." என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது தலைவரின் பையிலிருந்து சீராளன் கூவினான். "தண்ணீர் குடிக்கும் நேரம்! ஒரு டம்ளர் குடிப்போமா?" அவனுக்குச் சிக்னல் தேவைப்படவில்லை. ஒரு கறுப்பு ஷூ மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு அது இறங்கி, மற்றது ஏறியது.

"தம்பி" என்றார் தலைவர். குரல் மாறியிருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லிஃப்ட்காரரை யாரும் அந்தக் கட்டடத்தில் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "எனக்குக் கொஞ்சம் அவசரமா போகணும்."

"எங்க சார்?"

"பாத்ரூமுக்குய்யா!"

"அதுக்கு எதுக்கு சார் லிஃப்ட்டு? போயிட்டு வந்ததா டிக் போட்டுடுங்க. சீராளன்ல இருக்கறது நடந்ததுதானே. அவன் போனீங்களான்னுதான் கேப்பான், எங்க போனீங்கன்னு கேக்க மாட்டான்."

இதைச் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அப்பா இறந்த பிறகு அவர் மனம் லேசானது அப்போதுதான். பழிவாங்குகிறான் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மேலே ஷூக்கள் படும் பாட்டை, அவருக்கு விதிக்கப்பட்ட அமைதியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு நான்காவது மாடி ஊழியர்கள் அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது மாடிக்காரர்கள் படிக்கட்டில் வந்து நின்றார்கள். யார் பட்டியலிலும் இது இல்லை. ஆனால் யாரும் திரும்பிப் போகவும் இல்லை.

"என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்தினார் தலைவர்.

லிஃப்ட்காரர் எழுந்து கதவருகே போனார். "எங்கப்பா எப்படி இருக்கார் சார்?"

"நலம்னுதான் போட்டிருக்கோம்..." என்று டிக்கம்மா ஆரம்பித்தார்.

"மேடத்த கேக்கல. சார், நீங்க சொல்லுங்க. எங்கப்பா எப்படி இருக்கார்?"

ஷூக்கள் இருந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டன. தலைவர் அன்றைய நடைக் கட்டத்தை அநேகமாக அப்போதுதான் முடித்திருப்பார்.

"செத்துட்டார்யா!" பெட்டிக்குள்ளிருந்து குரல் பிளந்துகொண்டு வந்தது. "உங்கப்பா செத்துட்டார்! போதுமா?"

"அப்ப நேத்து நான் அவர்கிட்ட பேசினேனா?"

"இல்ல! பேசல!"

"பேசினதா டிக் போட்டது யாரு?"

"நாங்கதான்! நாங்கதான்யா போட்டோம்! ஐயா, சாமி, இறக்கி விடுய்யா!"

படிக்கட்டில் நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வால்வு திறக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கட்டடத்தில் அப்பாவுக்குச் சாவு அனுமதிக்கப்பட்டுவிட்டது. லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"சிதறல்தான். ஆனாலும் போறேன் சார்" என்றார்.

படி ஏறினார். அவசரப்படவில்லை. ஒழுக்கமான ஊழியர் செய்ய வேண்டியதையெல்லாம் வழியில் செய்துகொண்டே போனார். எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார். வழிவிட்டவர்களுக்கு நின்று நன்றி சொன்னார். ஆறாவது மாடியில் குளிர்நீர்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல, ருசித்துக் குடித்தார். தண்ணீர் விழும் ஓசை லிஃப்ட் ஏறி இறங்கும் குழி வழியாகக் கீழே இறங்கியது. கீழிருந்து ஒரு முனகல் ஏறியது.

மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைப் பிடித்தார். பக்கத்து மாடியில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் முறை. நாலைந்து சுற்றில் நான்காவது மாடி வந்துவிடும். வந்தது. கழிப்பறை அங்கே லிஃப்டுக்கு நேர் எதிரில். லிஃப்ட்காரர் நிறுத்தவில்லை. மூன்றாவது மாடியைக் கடந்தார், இரண்டாவதைக் கடந்தார். கை வலித்தபோது நின்று, தோளைத் தளர்த்திக்கொண்டு, மறுபடி சுற்றினார். தரைத்தளத்தில் ஒரு பக்கம் விருதுக் குழு, மறுபக்கம் வாளி வரிசை. அந்தப் பெட்டி அங்கேதான் இறங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

சுற்றி முடித்து, பிரேக்கை இறுக்கிவிட்டு, படி இறங்கி வந்து பார்த்தபோது தலைவர் லிஃப்டின் கம்பிக் கதவை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் திற திற என்று கதறியவர் இப்போது "திறக்காதே, திறக்காதே" என்றார். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார். மறு கையால் விருது உரைக் கோப்பை இடுப்புக்குக் கீழே பிடித்திருந்தார். டிக்கம்மா கடைசி மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். பெட்டியின் வாசற்படியைத் தாண்டி மெல்லிய ஓடை ஒன்று வழிந்து, விருதுக் குழுத் தலைவரின் பளபளப்பான காலணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

லிஃப்ட்காரர் தன் சாவியால் வெளியிலிருந்து கதவைத் திறந்து, அகல விரித்தார். "வாங்க சார், தரைத்தளம்."

வாளி வரிசையின் முன்னால் நின்ற ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். பின்னால் திரும்பி உரக்கச் சொன்னாள்.

"அடியே, வாரியத்துல தண்ணி விட்டுட்டாங்கடி!"

அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பை விருதுக் குழுவால் எந்தக் கட்டத்திலும் பதிய முடியவில்லை. அவர்களுக்கு வேறொரு வேலை நினைவுக்கு வந்து, வந்த காரிலேயே போய்விட்டார்கள். விருதும் வேறெங்கோ போனது.

லிஃப்ட்காரரை ஒழித்துக்கட்ட ஒரு விசாரணை தொடங்கினார்கள். தொடங்கின வேகத்தில் நின்றது. சீராளனில் இல்லாதது நடக்காதது. ஆகவே லிஃப்டுக்குள் என்ன நடந்தது என்பதைத் தலைவர் தம் கைப்படச் சீராளனில் பதிய வேண்டும். எத்தனை நேரம் நின்றது, ஏன் நின்றது, உள்ளே இருந்தவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று. பதிந்ததை நேரில் பார்த்த இரண்டு பேர் ஆமாம் என்று டிக் போட வேண்டும். சாட்சி சொல்லப் படிக்கட்டில் நின்ற ஐந்தாவது மாடி மொத்தமும் தயாராக இருந்தது. வாளி வரிசையும் தயார். தலைவர் பலமுறை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கட்டம் காலியாகவே இருக்கிறது.

லிஃப்ட்காரர் பழையபடி முக்காலிக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் தலைவரின் கார் வந்து நின்றதும் அவர் எழுந்து, கம்பிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி, "வாங்க சார், ஏழாவது மாடி" என்று கூப்பிடுவார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பாமல் படிக்கட்டில் ஏறுவார். மூன்றாவது மாடி வரைக்கும் அவர் காலடிச் சத்தம் கேட்கும், அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அது நிற்கும் வரை லிஃப்ட்காரர் கதவைச் சாத்துவதில்லை.